லாரியின் அடிச்சட்டமும் துருவும்

திண்டுக்கல் சமவெளியில் விளையும் பொருள் எதுவாயினும் அது சக்கரத்தின்மீது ஏறியே விலை காண வேண்டியிருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தையில் வந்து குவியும் காய்கறிகள் கேரளத்திற்குப் போகின்றன; திண்டுக்கல்லிலிருந்து சின்ன வெங்காயமும் நிலக்கோட்டையிலிருந்து பூவும் வெளியூர்களுக்குச் செல்கின்றன. இவற்றைச் சுமக்கும் லாரிகளுள் பல, இரண்டு மூன்று கை மாறி வந்த பழைய வண்டிகளே. அத்தகைய வண்டியை வாங்கும்போது எஞ்சினின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்கிறோம். டயரைத் தடவிப் பார்க்கிறோம். முகப்பில் பூசிய புது வர்ணத்தைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் வண்டியின் அடியில் படுத்து, அதன் அடிச்சட்டத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

ஓட்டுநர்கள் ‘சேஸ்’ என்று வழங்கும் இந்த அடிச்சட்டமே லாரியின் முதுகெலும்பாகும். எஞ்சின் பழுதானால் இறக்கிச் சீர் செய்யலாம். டயர் தேய்ந்தால் மாற்றலாம். அடிச்சட்டம் அரித்துப் போனாலோ வண்டியே போயிற்று என்று கொள்ள வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி மலைப்பாதையில் இறங்கும்போது ஸ்பிரிங் தாங்கி பிய்ந்து, அச்சு ஒரு பக்கமாக விலகினால், வண்டியில் இருப்பவர் மட்டுமின்றி எதிரே வருபவரும் உயிரிழக்க நேரும். ஆகவே இதனைப் பட்டறைக்காரரின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

“நமது ஊர் வறண்ட பூமி, இங்கே துருவுக்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்பதுண்டு. இவ்வினாவில் பாதி உண்மை இருக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது. கடற்காற்றும் நமக்கு இல்லை. வெறும் இரும்பை இங்கே திறந்த வெளியில் போட்டு வைத்தால், இராமேசுவரத்தில் துருப்பிடிப்பதில் ஒரு சிறு பங்கே துருப்பிடிக்கும். ஆயினும் நம் லாரிகள் அரித்துப் போகின்றன. காரணம் யாதெனில், நமது சமவெளியில் துரு வானத்திலிருந்து வருவதில்லை. ஏற்றுகிற பாரத்திலிருந்து வருகிறது.

இதைச் சற்று விளக்குவோம். இரும்பு துருப்பிடிக்கக் காற்றிலுள்ள பிராணவாயுவும் நீரும் வேண்டும். இவற்றுடன் உப்பும் சேருமாயின் வேலை பன்மடங்கு விரைவாக நடைபெறும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் அரிப்பு வேகமடைகிறது. உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின்மேல் படியும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் உடைத்துவிடுகிறது. இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. அடைமழைக் காலத்தில் வீட்டு உப்புச் சாடி தானாகவே நீர் விடுவதைப் பெண்மக்கள் அறிவர். சுத்திகரிக்காத உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் கொள்கிறது. அடிச்சட்டத்தின் மடிப்பில் ஒரு கைப்பிடி உப்பு தங்கிவிட்டால், மழையே பெய்யாத மாதத்திலும் இரவுதோறும் அந்த இடம் நனைந்து, பகலில் காய்ந்து, மீண்டும் நனையும். துருவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். தூத்துக்குடி உப்பளங்களின் உப்பு மதுரை, திண்டுக்கல், கரூர் வழியாக வடக்கே செல்கிறது. அதனினும் நமக்கு நெருங்கியது தோல். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன் எடையில் 30 முதல் 50 விழுக்காடு வரை உப்பிட்டே அனுப்புவது வழக்கம். அந்தத் தோலிலிருந்து வடியும் உப்பு நீர், பலகை இடுக்குகளின் வழியே நேராக அடிச்சட்டத்தின்மேல் சொட்டுகிறது. உழவர்கள் ஏற்றும் உரமும் குற்றமற்றதன்று. பொட்டாஷ் உரத்தில் இருப்பதும் குளோரைடே. அம்மோனியம் சல்பேட்டு நனைந்தால் புளித்த நீராகி இரும்பைத் தின்னும். தொழு எருவும், ஈர மணலும், அழுகிய காய்கறியின் சாறும் இந்த வரிசையில் சேர்ந்தவை. ஆனி, ஆடி மாதங்களில் கேரளத்தின் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து திரும்பும் வண்டிக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இனி, துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பதை அறிய, சட்டத்தின் அமைப்பை நினைவில் கொள்ள வேண்டும். ‘ப’ என்னும் எழுத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாற்போன்ற இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். இவற்றைப் பிடித்திருக்கும் ரிவிட்டுகள். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய தொழிற்சாலையின் பழைய லாரிகளிலும் சரி, பிற லாரிகளிலும் சரி, அடிப்படை அமைப்பு இதுவே. அச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் பாரம் ஏறும்போது தண்டின் மேல் மடிப்பு நசுங்க முயல்கிறது. கீழ் மடிப்பு இழுபடுகிறது. வளைவைத் தாங்கும் வலிமை பெரும்பாலும் இவ்விரு மடிப்புகளில்தான் இருக்கிறது. இயற்கையின் விளையாட்டைப் பாருங்கள்: சேறும் உப்பும் வந்து தங்குவது அதே கீழ் மடிப்பின் உட்புறத்தில்! ஒரு பள்ளம் போல் அது எல்லாவற்றையும் ஏந்திக் கொள்கிறது.

மற்றோர் இடம், பெட்டிக்கும் சட்டத்திற்கும் நடுவே வைக்கும் மரக்கட்டை. மரம் நீரை உறிஞ்சி, நாட்கணக்கில் மேல் மடிப்பை ஈரமாகவே வைத்திருக்கும். பின்சக்கரத்தின் பின்னே ஸ்பிரிங் தாங்கி பொருந்தும் இடம், பாட்டரிப் பெட்டியின் அடிப்புறம், வண்டியின் பின்கோடி ஆகியவற்றையும் தவறாது பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் வஞ்சகமானது இரட்டைத் தகடு பொருத்திய இடமாகும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. இரு தகடுகளுக்கு இடையே துரு வளர்ந்தால், அது ஆப்பு வைத்தாற்போலத் தகடுகளைப் பிரித்து, ரிவிட்டின் தலையையே தெறிக்கச் செய்யும். தகடுகளின் ஓரம் அலை அலையாக வீங்கியிருக்கக் கண்டால், உள்ளே துரு குடியேறியிருக்கிறது என்று அறியலாம்.

திண்டுக்கல் பூட்டுத் தொழிலுக்கும் பேர் போன ஊர் அன்றோ! பூட்டில் துரு ஏறினால் சாவி திரும்பாது. குறை உடனே தெரிந்துவிடும். அடிச்சட்டம் அவ்வாறு அறிவிப்பதில்லை. அதைக் கண்டறிய ஒரு சிறு சுத்தியல் போதும். நல்ல இடத்தில் தட்டினால் மணியோசை போல் கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் மந்தமாக ஒலித்து, செதில் உதிரும். ஐயமுள்ள இடத்தைச் சுரண்டிவிட்டு, மீதமுள்ள கனத்தை அளவுக் கருவியால் அளந்து, அதே தண்டின் கெடாத பகுதியோடு ஒப்பிட வேண்டும். 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு இருபுறமும் 1 மில்லிமீட்டர் வீதம் இழந்தால் எஞ்சுவது 4; அதாவது மூன்றில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டது. மேலே வர்ணம் பூசினால் கண்ணுக்கு அது தெரியாது, பாரத்திற்குத் தெரியும்.

தடுக்கும் வழிகளில் முதன்மையானது தண்ணீரே. உப்பு, தோல், உரம் ஆகியவற்றை ஏற்றி இறக்கிய அன்றே, அடிப்புறத்தை, குறிப்பாக மடிப்பின் உட்புறத்தை, விசையுள்ள நீரால் கழுவுதல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தோல் பதனிடும் நிலையங்களைச் சூழ்ந்த பகுதிகளில் பல கிணறுகளின் நீர் உப்பேறியிருக்கிறது. அந்த நீரால் வண்டியைக் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசுவதாகும். கடைசிக் கழுவலுக்காவது நல்ல நீரை உபயோகிப்பதே முறை. கண்மாயிலும் குளத்திலும் வண்டியை இறக்கிக் கழுவலாகாது. எண்ணெய்க் கசடு ஊரார் நீரைக் கெடுக்கும். கழுவிய பின், நீர் வடிவதற்கென்று சட்டத்தில் விட்டிருக்கும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். சேற்றில் அடைபட்ட ஒரு துளை, ஒரு பருவம் முழுவதும் நீரைத் தேக்கி வைக்கும்.

வாட்டர் சர்வீசு முடிந்ததும் பழைய எஞ்சின் ஆயிலைத் தெளிப்பது நெடுநாளைய வழக்கம். இதை நாம் பரிந்துரைப்பதற்கில்லை. எரிந்த எண்ணெயில் அமிலம் உண்டு; அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும்; புழுதியை ஒட்டவைத்து ஈரத்தைப் பிடித்து வைக்கும்; சொட்டும் இடத்து மண்ணும் பாழாகும். கடையில் விற்கும் துருத்தடுப்பு மெழுகோ, புதிய கிரீஸோ, கை எட்டாத மூலைகளுக்கும் மூடிய குறுக்குச் சட்டங்களின் உட்புறத்திற்கும் ஏற்றது.

ஏற்கெனவே துருப்பிடித்த சட்டத்தைச் சீர் செய்யச் சித்திரை, வைகாசி மாதங்களே தக்க காலம். முதலில் கழுவி நன்றாகக் காய விட வேண்டும். உப்பு இருக்கும்போதே சுரண்டினால், அது இரும்பின் குழிகளுக்குள் தேய்த்து ஏற்றப்படும். பின்னர்ப் பாட்டரி இணைப்பைக் கழற்றி, பிரேக் குழாய்களையும் மின் கம்பிகளையும் மூடி, செதிலைச் சுத்தியலால் உதிர்த்து, கம்பிப் பிரஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். தீப்பொறி பறக்கும் சாணை எந்திரத்தை டீசல் தொட்டியின் அருகே கொண்டு செல்லுதல் கூடாது. கண்ணாடி அணியாமல் இவ்வேலையைச் செய்யும் பையன்களைப் பல பட்டறைகளில் காண்கிறோம். வண்டியின் உரிமையாளரே முன்னின்று அதைத் தடுக்க வேண்டும்.

குழிகளில் எஞ்சும் துருவுக்கு, துருவை மாற்றும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலமும், சிலவற்றில் டானிக் அமிலமும் உண்டு. இப்பின்னது நமக்குப் புதியதன்று. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புச் சத்தே அது. கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கறுப்பு, துருவோடு கூடி உண்டாகும் ஓர் உறுதியான பொருள். ஆனால் வீட்டில் கடுக்காயைக் காய்ச்சித் தடவினால் போதும் என்று எண்ண வேண்டாம். கடைத் திரவமும் மெல்லிய துருவின்மேல்தான் வேலை செய்யும். செதிலை நீக்காமல் அதன்மேல் பூசுவது வீண் செலவு.

தேய்த்த இரும்பை ஒரு நாள்கூட வெறுமையாக விடலாகாது. அன்றே ரெட் ஆக்சைடு அல்லது துத்தநாகப் பாஸ்பேட்டுப் பிரைமர் பூச வேண்டும். முற்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஈயச் செந்தூர வர்ணம் நஞ்சு; அதை விட்டுவிடுவது நல்லது. நண்பகல் வெயிலில் கொதிக்கும் இரும்பில் பூசினால் வர்ணம் கொப்புளித்து உரியும். காலை வேளையே சிறந்தது. ஓரங்களிலும் ரிவிட் தலைகளிலும் வர்ணம் மெலிந்து ஓடிவிடும் ஆதலால், அவற்றுக்கு முதலில் பிரஷால் தனியாக ஒரு பூச்சு கொடுத்து, பிறகே முழுதும் பூச வேண்டும். பிரைமர் இரண்டு கை, எனாமல் இரண்டு கை. ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின்னரே அடுத்தது.

வர்ணத்தினால் இத்தனை பயனா என்று ஐயுறுவோர் பாம்பன் பாலத்தை எண்ணிப் பார்க்கலாம். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய இரயில் பாலம், உப்புக் காற்றின் நடுவே நின்று, 2022 டிசம்பர் வரை இரயில்களைத் தாங்கியது. ஓயாத பராமரிப்பும், திரும்பத் திரும்பப் பூசிய வர்ணமும் இல்லையேல் அது நடந்திராது. அரிப்பை ஆராய நம் நாட்டில் தனி நிலையமே இருக்கிறது. திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பெயர் பெற்றது.

துளை விழுந்த சட்டத்தைப் பற்றி ஒரு சொல். துருவின்மேலேயே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைப்பது பட்டறைகளில் காணும் எளிய வழி. உள்ளே அடைபட்ட துரு தொடர்ந்து வளரும். மெலிந்த இரும்பும் பற்றவைப்பின் சூட்டில் மேலும் பலமிழந்து, பக்கத்திலேயே வெடிப்பு விடும். மடிப்புகளில் துளையிடுவதும், அவற்றின் ஓரத்தில் பற்றவைப்பதும் அறவே கூடாதவை. கெட்ட பகுதியை முற்றிலும் நீக்கி, தயாரிப்பாளர் குறித்த முறைப்படி தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு சீர் செய்வதா, அன்றிச் சட்டத்தையே மாற்றுவதா என்பதைப் பாரத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். வண்டியின் விலையைவிடச் செலவு மிகுமானால் அதை உடைப்புக்குக் கொடுத்துவிடுவதில் வெட்கம் ஏதுமில்லை. 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிகளுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால், அந்தப் பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்னரே சுத்தியலோடு வண்டியின் அடியில் நுழைவது நன்று. பரிசோதனைக்கு முந்தின நாள் கறுப்பு வர்ணம் அடித்துக் கொண்டு போவது அதிகாரியை ஏமாற்றலாம். கொடைக்கானல் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவை ஏமாற்றாது.

ஊராட்சிகளின் குப்பை டிராக்டர் டிரெய்லருக்கும் இவையெல்லாம் பொருந்தும். ஈரக் குப்பையை இரவு முழுதும் டிரெய்லரிலேயே விட்டு வைப்பதுதான் அதன் அடித்தட்டு விரைவில் ஓட்டையாவதற்குக் காரணம். அன்றன்று காலி செய்து, கழுவி, சற்றுச் சாய்வான கல் தரையில் நிறுத்தி வைக்க ஊராட்சி மன்றம் ஏற்பாடு செய்யலாம். கழுவிய தேதியையும், பிரைமர் பூசிய தேதியையும் வண்டியின் நாட்குறிப்பில் எழுதி, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், தை பிறந்ததும் ஒரு முறையும் உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் போதுமானது. ஒரு கம்பிப் பிரஷும், ஒரு டப்பா பிரைமரும் ஊராட்சி அலுவலகத்தில் எப்போதும் இருக்கட்டும்.