காணி வாங்குவோர் முதலில் வினவ வேண்டுவது

முதன்முறையாகக் காணி வாங்கப் புகும் நம்மவர் பேர்ச்சு ஒன்றின் விலையையே முதலில் வினவுகின்றனர். அக்காணிக்குரிய பத்திரம் எத்தகையது என்பதே முந்திய வினாவாதல் வேண்டும் என்பது எமது துணிபு.

எழுவான்கரையிலே உறுதிக் காணிகள் மிகுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் முடிக்கப்படாத விற்பனை செல்லாது. உறுதியைக் கண்டவுடன் முற்பணம் கொடாது, காணிப் பதிவகத்தில் ஈடு முதலியன பதியப்பட்டுள்ளனவா என ஆராய்தல் வேண்டும். மட்டக்களப்பார் மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதுகையில் தமக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்வதுண்டு. மகள் மட்டும் கையொப்பமிட்டு விற்பின், பெற்றோர் வாழுங்காலம்வரை வாங்கியவர் குடிபுக இயலாது. (விலை குறைந்ததன் காரணம் அப்பொழுதுதான் விளங்கும்!)

வாவிக்கு மேற்கே படுவான்கரையில், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள் பல உள. இவற்றை உறுதிக் காணி போல் விற்றல் இயலாது. அளிப்புப் பெற்ற காணியும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதியின்றிக் கைமாறின் அக்கைமாற்றம் செல்லாது. மலிவென்று கைச்சீட்டெழுதி வாங்குவோர் பணத்தையே இழப்பர்.

பத்தாண்டு ஆட்சியைக் காட்டி, தாமே பிரகடனஞ்செய்து முடித்த உறுதியுடன் விற்பாருமுளர். ஆட்சி நீதிமன்றிலே நிறுவப்பட வேண்டியது. போரினால் உரியவர் இடம்பெயர்ந்த காணிகள் இங்குப் பலவாதலின், அயலவரை வினவாது இத்தகைய உறுதியை ஏற்றலாகாது. வாவியோரமாயின் கார்த்திகை மழையிலும் ஒருமுறை சென்று பார்த்தல் நன்று.