வீட்டு இன்ஷூரன்ஸ்: எதற்குப் பணம் வரும், எதற்கு வராது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் நம் பெரியவர்கள். கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார் என்று ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கொல்கத்தாத் தமிழர்களில் பலர் லேக் மார்க்கெட் பக்கத்து வாடகை வீட்டில் ஆரம்பித்து, பிராவிடண்ட் ஃபண்டையும் பேங்க் லோனையும் சேர்த்துப் போட்டு, கஸ்பாவிலோ கரியாவிலோ ஒரு ஃப்ளாட் வாங்கியவர்கள். அதற்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டால், "லோன் கொடுக்கறப்பவே பேங்கில் ஏதோ எடுத்தாங்களே, ஸார்" என்பதுதான் வழக்கமான பதில். அந்த "ஏதோ" பல சமயம் கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. அவர் காலமானால் கடன் அடைபடும். வீட்டில் தீப்பிடித்தால் அதிலிருந்து ஒரு பைசா பெயராது. பொதுக் காப்பீட்டுத் துறையில் க்ளெய்ம் ஃபைல்களோடு பல வருஷம் உட்கார்ந்தவன் என்பதால் சங்கத்து அன்பர்கள் இது பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லி வந்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வீடு இடிந்துவிட்டது என்பது மட்டும் போதாது. எதனால் இடிந்தது என்பதுதான் பாலிசி கேட்கும் முதல் கேள்வி. இதை விளக்க நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2019 ஆகஸ்ட் 31 இரவு. பௌபஜாரில் கிழக்கு-மேற்கு மெட்ரோவுக்காகப் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த "சண்டி" என்ற ராட்சத இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகை ஒன்றில் மோதியது. தண்ணீரும் சேறும் சுரங்கத்துக்குள் பாய, மேலே மண் உள்வாங்கியது. துர்கா பிதூரி லேன், சியாக்ரா பாரா லேன் வீடுகளில் சுவர்கள் பிளந்தன. சில வீடுகள் அடுத்தடுத்த நாட்களில் அப்படியே சரிந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த குடும்பங்கள் கட்டிய துணியோடு வெளியேறி ஓட்டல் அறைகளில் தங்க நேர்ந்தது. 2022 மே மாதம் மறுபடி விரிசல். அதே வருஷம் அக்டோபரில் மதன் தத்தா லேனிலும் விரிசல்.

அந்த வீடுகளில் ஒன்று நம்முடையது, அதற்கு ஒழுங்காக பிரீமியம் கட்டிய பாலிசியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் வருமா?

2021 ஏப்ரல் 1 முதல் நாட்டில் எந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்திடம் போனாலும் வீட்டுக்கான தீ முதலிய ஆபத்துகளுக்கு "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான பாலிசியை அவர்கள் தந்தாக வேண்டும். நெருப்பு, வெடிப்பு, இடி மின்னல், பூகம்பம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, வெளிப்பொருள் வந்து மோதுதல், கலவரம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிதல் என்று அதில் நீண்ட பட்டியல் உண்டு. வீடு நிற்கும் நிலம் உள்வாங்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அடடா, அப்படியென்றால் கிடைத்துவிடுமே என்று தோன்றும். பக்கத்துக் கட்டத்தையும் படிக்க வேண்டும். புதுக் கட்டிடம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசல், மேடாக்கிய நிலம் அமிழ்வது, ஆற்றரிப்பு, கடலரிப்பு, மோசமான வடிவமைப்பு அல்லது வேலைத்தனம், இடித்தல், கட்டுதல், பழுதுபார்த்தல், நிலத்தைத் தோண்டுதல் ஆகியவற்றால் நிலம் உள்வாங்கினால் பணம் கிடையாது. பாலிசி வாசகத்தின்படி, பௌபஜாரில் நடந்ததைப் போன்ற சம்பவம் இந்தக் கடைசி வார்த்தையில் அடிபட்டுப் போகும். வாடகைக்கு வேறு இடத்தில் தங்கும் செலவையும் இந்த பாலிசி தரும் என்றாலும், அதுவும் பட்டியலில் உள்ள ஆபத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால்தான்.

அந்தக் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு வந்தது தோண்டியவர்கள் பக்கமிருந்து. மெட்ரோ ரயில் கார்ப்பரேஷன் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. நியாயமும் அதுதான்: ஒருவர் தோண்டி இன்னொருவர் வீடு விழுந்தால், பொறுப்பு தோண்டியவருடையது. நம் வீட்டு பாலிசி அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வதில்லை. (அந்தப் பாதையில் 2025 ஆகஸ்ட் 22 முதல் ரயில் ஓடுகிறது.)

மெட்ரோ தினமும் வருவதில்லை, புரமோட்டர் வருவார். பழைய வீட்டை இடித்து ஐந்து மாடி எழுப்புவது நம் ஒவ்வொரு பாராவிலும் நடக்கிறது. பக்கத்து மனையில் பைல் இறக்குகிறார்கள், நம் படுக்கையறைச் சுவரில் கோடு விழுகிறது. இதற்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு ஓடிப் பிரயோஜனமில்லை. வேலை ஆரம்பிக்கும் முன்பே நம் சுவர்களைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துவைத்து, புரமோட்டருக்கும் கொல்கத்தா கார்ப்பரேஷனுக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வைப்பதுதான் அங்கே காப்பீடு.

"மேடாக்கிய நிலம்" என்ற வார்த்தையையும் சும்மா தாண்டிப் போகக் கூடாது. சால்ட் லேக் முழுவதுமே 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாயில் கொண்டுவந்து நிரப்பிய உப்பு ஏரிதானே! குளத்தைத் தூர்த்துக் கட்டிய ஃப்ளாட்டுகள் தெற்கிலும் கிழக்கிலும் எத்தனையோ. 2025 ஜனவரி 14 அன்று பாகாஜதீனில், ஏற்கெனவே சாய்ந்திருந்த நான்கு மாடிக் கட்டிடத்தை ஜாக்கி வைத்து நிமிர்த்தும்போது அது பக்கவாட்டில் சரிந்தது. இந்த மாதிரி விபத்துகளில் பாலிசிக்காரர் காட்டக்கூடிய விலக்குகள் ஒன்றல்ல, இரண்டு மூன்று.

புயல், மழை விஷயத்தில் நிலைமை தேவலை. 2020 மே 20 அன்று உம்பன் புயலில் நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. மரம் விழுந்து பால்கனி உடைந்தாலும், காற்றில் ஜன்னல் கண்ணாடி போனாலும் பாலிசியில் வரும். 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. அதுவும் வரும். ஆனால் ஒரே மழையில் கெட்டுப்போன இரண்டு ஃப்ரிட்ஜ்களுக்கு இரண்டு விதி. தண்ணீரில் முழுகிக் கெட்டால் அது வெள்ள நஷ்டம். கரண்ட் திரும்பி வந்தபோது மின்கசிவில் மோட்டார் எரிந்தால் அந்த ஃப்ரிட்ஜுக்கு இல்லை. அதிலிருந்து தீ பரவித் திரைச்சீலையும் பீரோவும் எரிந்தால் அவற்றுக்கு உண்டு, ஃப்ரிட்ஜுக்கு மட்டும் இல்லை!

மேல் ஃப்ளாட் பாத்ரூமிலிருந்து வருஷக்கணக்கில் சொட்டும் கசிவு, கொல்கத்தாச் சுவர்களுக்கே உரிய ஓதம், உதிரும் ப்ளாஸ்டர் இவை பட்டியலில் இல்லை. குழாய் திடீரென்று வெடித்தால் உண்டு. மெல்லச் சொட்டினால் மேல் வீட்டுக்காரரோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

திருட்டு? இங்கேதான் பெரும்பாலோர் ஏமாந்து போகிறார்கள். தீ, வெள்ளம் போன்ற சம்பவத்தை ஒட்டி, அதன் காரணமாக, ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டை மட்டுமே இந்த பாலிசி ஏற்கும். பூஜை விடுமுறைக்குக் கோரமண்டலில் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்தால், அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பழைய தீ பாலிசியில் 30 நாளுக்கு மேல் வீடு ஆளில்லாமல் இருந்தால் காப்பீடே நின்றுபோகும் என்று ஒரு விதி இருந்தது. பேரக்குழந்தையைப் பார்க்க மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் தங்கள் பாலிசியில் இது எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்.

"நகைக்கு, மாமா?" என்று கேட்காத வீடில்லை. கேட்டு வாங்கினால்தான் நகை சேரும். மொத்தம் 5 லட்சத்துக்குள், தனி உருப்படி 1 லட்சத்துக்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை. இன்றைய தங்க விலையில் ஓர் ஒட்டியாணத்துக்கே சான்றிதழ் வேண்டியிருக்கும்.

எவ்வளவுக்கு எடுப்பது? ஃப்ளாட்டின் சந்தை விலைக்கு வேண்டாம். நிலம் எரிவதில்லை. கார்ப்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். உதாரணமாக 900 சதுர அடிக்கு, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 4.5 லட்சம், தானாகவே சேர்ந்துவிடும்; உச்ச வரம்பு 10 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் கட்டிடத்தை விட்டு, சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். வீட்டுக்காரரின் பாலிசி அவர் சுவருக்குத்தான், நம் வாஷிங் மெஷினுக்கு அல்ல.

க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டால், எந்த வரியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுத வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் போகலாம். அவர் அலுவலகம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது.