களத்துமேட்டில் மட்டும் ஓடும் கார்

எங்கள் காலனியில் முதன்முதலில் கார் நின்ற வீடு என் அண்ணன் வீடு. டவுனில் முப்பது வருடம் டிரைவராக இருந்தவர். வேலையை விட்டு வரும்போது, முதலாளி கழித்துவிட நினைத்த வெள்ளை மாருதி 800-ஐ விலை பேசி வாங்கி வந்து வாசல் புளியமரத்தடியில் நிறுத்தினார். அன்றிலிருந்து பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சுவலி என்று எது வந்தாலும் ராத்திரியில் தட்டுகிற கதவு அவருடையதாயிற்று. ஊர்த்தெருவில் ஐந்து கார்கள் இருந்தன. அங்கே போய்க் கேட்க எங்கள் ஜனத்துக்கு வாய் வராது. கேட்டவர்கள் வாங்கிக்கொண்டு வந்த பதிலும் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் யாரிடமும் வாடகை கேட்டதில்லை. பெட்ரோலுக்குக் கொடுத்தால் போதும் என்பார்.

பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியபோது அந்தக் காசும் பாரமாயிற்று. போதாததற்கு எஞ்சினும் புகை கக்கியது. ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். அவர் சொன்ன தொகை காரின் விலையில் பாதி. வண்டி மரத்தடியிலேயே நின்றுவிட்டது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த அண்ணன் மகன் ஒருநாள் என்னிடம் வந்தான்.

"சித்தப்பா, இந்த வண்டிய கரண்டுல ஓட்டிக் காட்டட்டுமா?"

நான் தமிழ் படித்தவன். வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் என்ன வித்தியாசம் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அவன்தான் சொல்லிக்கொடுத்தான். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் பாய்கிறதோ அது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அடுத்த ஏழு மாதத்தில் அவனிடமும் புத்தகங்களிலும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒரு லிட்டரும் பத்து யூனிட்டும்

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதியெல்லாம் சூடாகி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் காற்றில் போய்விடும். நாம் பங்க்கில் கொடுக்கும் நூறு ரூபாயில் எழுபத்தைந்து ரூபாய் வெந்நீர் போடத்தான் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்மோட்டார் அப்படியல்ல. வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 85, 90 பங்கைச் சுழற்சியாகத் திருப்பித் தரும்.

இதை வைத்துப் பேட்டரிக் கணக்குப் போடலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட் தரும். அப்படி 30 செல்களை வரிசையாக இணைத்தால் 96 வோல்ட். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் 9.6 யூனிட். ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல்தான். மாருதி 800 போன்ற சிறிய காருக்குக் கிலோமீட்டருக்கு 0.12 யூனிட் செலவாகும் என்று எடுத்துக்கொண்டோம். பேட்டரியை முழுதும் காலி செய்யக் கூடாது. 80 சதவீதம் மட்டுமே பயன்படுத்தினாலும் சுமார் 60 கிலோமீட்டர் போகலாம். எங்கள் ஊரிலிருந்து அரசு மருத்துவமனை 19 கிலோமீட்டர். போய்த் திரும்பி, இன்னொரு நடையும் போகலாம் என்றான் பையன்.

பழைய முறையில் ஈய-அமில பேட்டரி போட்டால் முதலில் செலவு குறையும். ஆனால் அதே 96 வோல்ட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி எட்டு வேண்டும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று சுமார் 30 கிலோ. எட்டும் சேர்ந்தால் 240 கிலோ. காரே 650 கிலோதான். லித்தியம் செல்கள் முப்பதும் 60 கிலோ சுற்றில் அடங்கிவிடும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். சில நூறு முறை சார்ஜ் செய்ததும் மாற்ற வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் இரண்டாயிரம் முறைக்கு மேலும் தாங்கும். அண்ணி சீட்டு எடுத்துச் செல் வாங்கக் கொடுத்தார். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று.

எஞ்சினை எடுத்த பிறகு

எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டாங்கி நான்கையும் கழற்றினார்கள். கியர்பாக்ஸ் அப்படியே இருக்கும். எஞ்சின் உட்கார்ந்திருந்த இடத்தில் மோட்டார் உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கனமான அலுமினியத் தகடு. ஒரு பக்கம் கியர்பாக்ஸ் போல்ட்டுகளுக்குத் துளை, மறுபக்கம் மோட்டாருக்குத் துளை. மோட்டார் தண்டும் கியர்பாக்ஸ் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். முடியளவு விலகினாலும் பேரிங் கதறும். பழைய கிளட்ச் தட்டின் நடுவில் இருக்கும் பல்வெட்டு வளையத்தை வெட்டி எடுத்து இணைப்பான் செய்தார்கள். டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் மூன்று முறை கடைந்து கொடுத்தார். இரண்டு முறைக்குத்தான் கூலி வாங்கினார்.

மோட்டார் 10 கிலோவாட். விபத்தில் நொறுங்கிய ஒரு மின்சரக்கு வண்டியிலிருந்து கன்ட்ரோலரோடு வாங்கியது. கன்ட்ரோலர்தான் ஆக்சிலேட்டர் மிதியைப் பார்த்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விடலாம் என்று முடிவு செய்கிறது. மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையைத் தருவதால், இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் ஊருக்குள் அதிலேயே ஓட்டலாம். கிளட்ச் இல்லாமலும் முடியும்.

விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுபவை. 96-ஐ 12 ஆக இறக்க ஒரு கன்வெர்ட்டர் தேவை. பிரேக்கில் பூஸ்டர் இருக்கும் கார்களில் இன்னொரு வேலையும் உண்டு. அந்த பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தில் இயங்குவது. எஞ்சின் போனால் அதுவும் போகும். தனியாக மின் வெற்றிட பம்ப் வைக்காவிட்டால் மிதி கல்லாகிவிடும். இதை மறந்தவர்கள் வண்டியை ஓட்டிவிடுவார்கள், நிறுத்தத்தான் முடியாது.

உருகிப்போன ஸ்பானர்

நான்காம் மாதம் ஒரு மாலை. செல்களை இணைத்துக்கொண்டிருந்தபோது கை நழுவி ஸ்பானர் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தது. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். ஸ்பானரின் முனை மெழுகு மாதிரி உருகிவிட்டது. பையனின் புருவம் கருகியதோடு போயிற்று. அண்ணி அன்றைக்குப் போட்ட சத்தம் ஊர்த்தெரு வரை கேட்டிருக்கும்.

வீட்டில் இதைச் செய்ய நினைக்கும் எவரும் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்புவது. அதனால் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. பேட்டரியின் நேர்மின்சாரம் ஒருபோதும் பூஜ்ஜியத்தைத் தொடாது. பொறி விழுந்தால் இழுத்துக்கொண்டே போகும். 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்தை ஆபத்து என்றே கொள்ள வேண்டும், இங்கே 96. மோதிரம், காப்பு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். ஸ்பானரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். ரப்பர் கையுறை கட்டாயம். நேர்மின்சாரத்துக்கென்றே செய்த ஃபியூஸ் போட வேண்டும். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் கவனித்து, அளவு மீறினால் சார்ஜை நிறுத்தும் பேட்டரி மேலாண்மைக் கருவி இல்லாமல் லித்தியத்தைத் தொடவே கூடாது. தனியாக ஒருவர் வேலை செய்யக் கூடாது.

சார்ஜ் ஏற்றவும் நல்ல எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக் வேண்டும். 2 கிலோவாட் சார்ஜரில் ஐந்து மணி நேரம் ஆகும். குடிசை மின்இணைப்பு விளக்குக்கும் சிறு கருவிகளுக்கும் மட்டுமே. அந்த இணைப்பு உள்ள வீட்டில் இதற்கு வழியே இல்லை.

ஏழாம் மாதம், நெல் அடித்து முடிந்து காலியாகக் கிடந்த எங்கள் களத்துமேட்டில் வண்டி ஓடியது. சத்தமே இல்லை. பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நாலு சுற்று சுற்றினார்.

சட்டம் சொல்வது

மறுநாள் ஆர்.சி. புத்தகத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போனோம். கவுன்டரில் இருந்தவர் முழுதாகக் கேட்கவில்லை. "வீட்ல செஞ்சதா? கெளம்புங்க" என்றார். தொனி தவறு. ஆனால் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே பிரிவு, பேட்டரி போன்ற வேறு ஆற்றலுக்கு மாற்றும் 'கிட்' பொருத்த இடமும் கொடுக்கிறது. ஆனால் அந்த கிட் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். புனே, மானேசர், சென்னை அருகே ஒரகடம் போன்ற இடங்களில் உள்ள அரசு ஏற்பு பெற்ற சோதனை மையங்களில் தேறி, அனுமதி பெற்றவர் பொருத்தி, பிறகு ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றிப் பதிய வேண்டும். அதன்பின் பச்சை நம்பர் பலகை. இதெல்லாம் இல்லாமல் சாலைக்கு வந்தால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

பிரேக், தீ, எடை ஆகியவற்றை யாராவது சோதித்தே ஆக வேண்டும். உருகிய ஸ்பானரைப் பார்த்த நான் அதை மறுக்க மாட்டேன். என் கேள்வி வேறு. ஒரு மாடலுக்கு கிட் செய்து சோதித்து அங்கீகாரம் வாங்கும் செலவு கம்பெனிகளால் மட்டுமே தாங்கக்கூடியது. அப்படி வரும் கிட்டின் விலையோ எங்கள் அண்ணன் காரைப் போல இரண்டு மூன்று கார் வாங்கும் விலை. பழைய வண்டியை வைத்திருப்பவன் ஏழை. அதை மாற்றும் உரிமை மட்டும் பணக்காரனுக்கா?

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1967-லேயே மின்கார் ஆர்வலர்கள் சங்கம் வைத்தார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, கிடங்குகளில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பழைய மோட்டாரை எடுத்து வீட்டுக் கொட்டகையில் கார் மாற்றியவர்கள் பலர். அங்கே பல மாநிலங்களில் அப்படி மாற்றிய வண்டியைச் சோதித்துப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒரே ஒரு வண்டியைக் கொண்டுவரும் தனிமனிதனையும் கணக்கில் எடுத்த ஏற்பாடு அது.

நம் ஊரில் என்ன செய்யலாம்? ஓர் அரசு பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ, கிராமங்களில் அதிகம் இருக்கும் இரண்டு மூன்று பழைய மாடல்களுக்கு அரசுச் செலவில் கிட் வடிவமைத்து அங்கீகாரம் வாங்கலாம். அந்த வடிவமைப்பைப் பொதுவில் வைக்கலாம். பொருத்தும் அனுமதியைப் பயிற்சி பெற்ற கிராமத்து இளைஞர்களுக்குக் கொடுக்கலாம். ஐ.டி.ஐ.யில் மின்வாகன மெக்கானிக் என்றே ஒரு தொழிற்பிரிவு இருக்கிறது. படித்து வருபவர்களுக்குக் கையில் வேலையும் இருக்கும்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. மத்திய தொழில்நுட்ப மின்வாரியம் 1944-இல் அமைந்தது அவர் காலத்தில்தான். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை நீங்காது என்பது அவர் வாதம். எங்கள் காலனிச் சுவரில் கோட்டு போட்டு நிற்கும் அவர் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி இளைஞர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கேளுங்கள். 35 சதவீத முதலீட்டு மானியமும் வட்டியில் 6 சதவீத மானியமும் அதில் உண்டு. மின்ஆட்டோவும் மின்ஸ்கூட்டரும் பெருகுகின்றன. பேட்டரி பழுது பார்க்கத் தெரிந்த கடை நம் சாலைகளில் அரிது.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு அண்ணன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நாலாவது வீட்டுப் பெண்ணுக்கு வலி. வண்டி முழு சார்ஜில் நின்றது. பையன் சாவியை எடுத்துவிட்டான். அண்ணன் தடுத்தார்.

"வேணாம்டா. வழில ஒண்ணு ஆச்சின்னா அந்தப் புள்ளைக்கு யார்ரா பதில் சொல்றது?"

பக்கத்து ஊரிலிருந்து ஆட்டோ வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. தாயும் குழந்தையும் நலம். ஆட்டோ போன பிறகும் பையன் உள்ளே வரவில்லை. விடியும்வரை காரின் பானெட்டில் உட்கார்ந்திருந்தான் என்று அண்ணி சொன்னார்.

அடுத்த வாரம் அவனும் நானும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறோம். ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் போகப் போகிறான். எதற்கு என்று கேட்டேன்.

"இருக்கட்டும் சித்தப்பா" என்றான்.