பதிமூன்றா, எட்டா?

‘ஜமுனாமரத்தூர்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? தொடக்கப் பள்ளிப் பிள்ளையும் விரல்விட்டு எண்ணி எட்டு என்று சொல்லிவிடும். கணிப்பொறியில் நான் எழுதிய முதல் நிரலோ பதிமூன்று என்றது. அந்தத் தவறான விடையைப் பெறுவதற்கே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. நான் இடறிய இடங்களில் நண்பர்கள் இடறாதிருக்க இதை எழுதுகிறேன்.

நான் கற்கத் தொடங்கிய மொழி பைதான். ஹாலந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்டது. பெயரைக் கேட்ட என் மாமா, “மலையில் இருக்கிற பாம்பு போதாதா?” என்றார். பெயர் பாம்பிலிருந்து வந்ததன்று. மான்டி பைதான் என்ற ஆங்கில நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது. நம் மலையிலேயே காவலூரில், வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. வானியலார் பலர் இன்று தம் கணக்குகளைப் போடுவது இம்மொழியில்தான். ஆகவே மலைக்கு இது முற்றிலும் அந்நியமன்று.

நிரல் எழுத மூன்று பொருள்கள் வேண்டும். எழுதும் பலகை ஒன்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்டு, இலவசமாகவே தரும் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எடிட்டர் அது. எழுதியதைப் படித்துச் செய்து முடிக்கும் பைதான் மற்றொன்று. இவ்விரண்டையும் இணைக்கும் ‘பைதான் எக்ஸ்டென்ஷன்’ என்ற நீட்சி மூன்றாவது. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதானால், எடிட்டர் ஏர், பைதான் மாடு, நீட்சி நுகத்தடி. நான் ஏரையும் நுகத்தடியையும் வாங்கி வந்து, மாடில்லாமல் உழ முயன்றேன்! ‘பைதான் காணப்படவில்லை’ என்று திரை சொல்லச் சொல்ல, நீட்சியை அழித்து அழித்து மீண்டும் நிறுவினேன். முதல் வாரம் இப்படிப் போயிற்று.

முறை இதுதான். முதலில் பைதானை நிறுவுக. பின் எடிட்டரைத் திறந்து கண்ட்ரோல், ஷிப்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நீட்சிகளின் பட்டியல் வரும். அதில் பைதான் என்று தேடினால் ஒரே பெயரில் பல தோன்றும். வெளியிட்டவர் மைக்ரோசாப்ட்தானா என்று பார்த்தே எடுக்க வேண்டும். நீட்சி என்பதும் நம் கணிப்பொறியில் ஓடும் ஒரு நிரலே. முன்பின் அறியாதவரை வீட்டுக்குள் விடலாமா? (இந்த நீட்சியும் டான் ஜயமான்ன என்பவரின் தனிமுயற்சியாகத் தொடங்கியதே. 2017இல்தான் மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்டது.) அடுத்து கண்ட்ரோல், ஷிப்ட், பி அழுத்தி, ‘செலக்ட் இன்டர்பிரெட்டர்’ என்பதில் நாம் நிறுவிய பைதானைக் காட்டிவிட வேண்டும். கோப்பின் பெயர் புள்ளிக்குப் பின் ‘பிஒய்’ என முடிந்தால்தான் நீட்சி விழித்துக்கொள்ளும்.

இணையம் நின்று நின்று வரும் நம் விடுதியில் இவையெல்லாம் எளிதல்ல. இணையமுள்ள இடத்தில், பட்டியலில் நீட்சியின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் ‘டவுன்லோட் விஎஸ்ஐஎக்ஸ்’ என்று வரும். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து, ‘இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்’ மூலம் நிறுவலாம். நான் போளூர் வரை பேருந்தில் போய் ஒரு கோப்பை மட்டும் எடுத்து வந்தேன். முக்கோணப் பொத்தானை அழுத்தினால் நிரல் ஓடியது. பிழை தேட உதவும் எஃப்5 விசை அசையவில்லை. பிழை தேடும் ‘பைதான் டிபக்கர்’, சொற்களை முடித்துத் தரும் ‘பைலான்ஸ்’ இரண்டும் தனித்தனி நீட்சிகள். இணையம் இருந்தால் அவை தாமே உடன் வரும். இல்லையேல் மூன்றையும் எடுத்து வர வேண்டும். மறுபடியும் போளூர், மறுபடியும் கொண்டை ஊசி வளைவுகள்.

ஒருவழியாக, சொல்லின் நீளத்தைக் கூறும் ‘லென்’ என்ற கட்டளைக்கு நம் ஊர்ப் பெயரைக் கொடுத்தேன். வந்தது பதிமூன்று. கணிப்பொறிகள் பின்பற்றும் யூனிகோடு முறையில் அகரமேறியவை தவிர்ந்த உயிர்மெய்களுக்குத் தனி எண் இல்லை. ‘மு’ என்பது மகரமும் உகரக் குறியும். ‘த்’ என்பது தகரமும் புள்ளியும். மு, னா, த், தூ, ர் ஆகிய ஐந்தும் இரட்டையாக எண்ணப்பட்டு, எட்டு பதிமூன்றாயிற்று. முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ என்ற நிரல்தொகுப்பைச் சேர்த்து, அதன் வழியாக எண்ணச் சொன்னேன். எட்டு என்றது!

அன்றிரவே நம் மலையூர்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னேன். நம்மியம்பட்டுக்கும் வீரப்பனூருக்கும் முன்னால் ஜமுனாமரத்தூரை வைத்தது. தமிழ் அகராதியில் ஜகரம் இறுதியில் வரும். யூனிகோடில் அது சகரத்தை அடுத்து அமர்ந்திருக்கிறது. இப்போது அந்த வரிசையைச் சரிசெய்து கொண்டிருக்கிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் நகரமும் னகரமும் நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லி உதவுவார்களாயின் வேலை விரைவில் முடியும்.