தொலைதூர வண்டி – 17: பின்னால் சாய்ந்த எஞ்சின்

போன வாரம் 1976-இன் பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். வண்டியோடு நிறுத்தினேன். அதற்கு முந்தைய வாரம் நம் ஊர் கரிஸ்மா. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும்.

இந்த வாரம் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310-இன் விண்ட்ஸ்கிரீன் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்புகள்கூடத் தயார். ஆனால் சனிக்கிழமை பிரம்மதேசத்தில், மரக்காணம் சாலையோர மெக்கானிக் கொட்டகையில் ஒரு ஆர்.ஆர். 310 சட்டை கழற்றி நின்றது. பக்கவாட்டு ஃபேரிங் இரண்டும் சாக்கின் மேல் கிடந்தன. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

குனிந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் விரலை விட்டேன். பெரும்பாலான பைக்குகளில் அங்கே சைலன்சர் பைப்பின் வளைவு இருக்கும். சிலிண்டரின் நெற்றியிலிருந்து புறப்பட்டு வயிற்றுக்கு அடியில் வளைந்து பின்னால் போகும் குழாய் அது. என் விரலுக்குக் கிடைத்ததோ ரப்பர். காற்று உள்ளே போகும் குழாய்!

"சார், இதுல எல்லாமே உல்டா" என்றார் மெக்கானிக் தம்பி. "ஏர் முன்னாடி போவும், பொகை பின்னாடி வரும். மொத தடவ தொறந்தப்ப நானே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னேன்."

ஆர்.ஆர். 310-க்கு ரிவர்ஸ் எஞ்சின் என்று வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். படித்ததும் தொட்டதும் ஒன்றல்ல. சிலிண்டர் நேராகவும் நிற்கவில்லை, முன்னாலும் சாயவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர்போலப் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன் தலை அரைவட்டம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பைப் முதுகுப் பக்கம் இறங்கிப் போகிறது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அதற்கான விடை அந்தக் கொட்டகை வாசலிலேயே வந்து நின்றது. உப்பளத்திலிருந்து ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டில் ஸ்பார்க் பிளக் பார்க்க வந்தார். முன்னால், கால் வைக்கும் இடத்தில் ஒரு உப்பு மூட்டை. பின்சீட் காலி. "பின்னாடி வெச்சுக் கட்டினா கால் நீட்டி ஓட்டலாமே?" என்று கேட்டேன்.

"பின்னாடி போட்டா ஹேண்டில் லேசாயிடும் சார். வரப்புல ஆட்டம் காட்டும். முன்னாடி போட்டாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்."

ஆர்.ஆர். 310-இன் சேஸிஸ் பொறியியலை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு பைக்கில் ஆளுக்கு அடுத்த பெரிய மூட்டை எஞ்சின்தான். அதை முன்சக்கரத்தை நோக்கி நகர்த்தினால் வண்டி வளைவில் நம்பிக்கையாக இறங்கும். ஆனால் சாதாரண எஞ்சினை ஓரளவுக்கு மேல் முன்னால் தள்ள முடியாது. ஃபோர்க் அமுங்கும்போது முன்சக்கரம் மேலேறிப் பின்னால் வரும். சிலிண்டர் தலையும் சைலன்சர் வளைவும் அதன் வழியில் நிற்கும். தலையைப் பின்னால் சாய்த்து, பைப்பையும் பின்பக்கம் கொண்டுபோய்விட்டால் முன்னால் இடம் காலியாகிறது. எஞ்சினின் அடிப்பாகத்தை அங்கே நகர்த்திக்கொள்ளலாம். மூட்டை முன்னால் வந்துவிட்டது.

இன்னொரு லாபமும் உண்டு. எஞ்சின் முன்னால் போனதும், அதன் வாலில் தொடங்கிப் பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மும் முன்னாலிருந்தே தொடங்குகிறது. அதனால் வண்டியை நீட்டாமலே அந்தக் கையை நீளமாக வைக்க முடிந்தது. இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1365 மி.மீ.தான். ஸ்விங் ஆர்ம் நீளமாக இருந்தால் என்ன நன்மை? கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குட்டைக் கழியின் முனை ஓர் அடி ஏறினால் கழி செங்குத்தாகத் தூக்கிக்கொள்ளும். நீளக் கழி அதே ஓர் அடிக்குக் கொஞ்சம்தான் சாயும். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் அப்படித்தான். கோணம் குறைவாக மாறினால் செயின் இழுப்பு சீராக இருக்கும், பின்டயர் தரையைப் பிடித்துக்கொண்டே போகும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை ஒட்டுப்போட்ட சாலையில் இதை இடுப்பு உணரும்.

காற்று முன்னாலிருந்து போவதும் சும்மா இல்லை. சூடான பைப்புக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, நேர்வழியில் உள்ளே இறங்குகிறது. மோட்டோகிராஸ் உலகில் யமஹா 2010-இலேயே தன் ஒய்.இசட். 450 எஃப்.பில் இப்படிச் செய்தது. ஆனால் அது மண் மேட்டில் தாவும் பந்தய வண்டி. தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் வண்டியில் இதை வைக்கத் துணிந்ததைத்தான் நான் கொண்டாடுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 ஏப்ரலில் டி.வி.எஸ்.ஸும் பி.எம்.டபிள்யூ.வும் ஒப்பந்தம் போட்டன. 500 சி.சி.க்குக் கீழே வண்டிகளைச் சேர்ந்து உருவாக்குவது, ஓசூரில் தயாரிப்பது என்று ஏற்பாடு. 2015 நவம்பரில் பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர் வெளிச்சத்துக்கு வந்தது. 2016 டெல்லி வாகனக் கண்காட்சியில் டி.வி.எஸ். 'அகுலா' என்ற மாதிரியைக் காட்டியது. அதுவே 2017 டிசம்பர் 6 அன்று ஆர்.ஆர். 310 ஆக விற்பனைக்கு வந்தது. விலை ஷோரூமில் 2.05 லட்சம். காவாசாகி நிஞ்ஜா 300 அப்போது மூன்று லட்சத்துக்கு மேல்.

இதே ஓசூரில்தான் 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்தது. இருவர் உட்கார்ந்து போகும் மொபெட் இந்தியாவுக்கு அதுதான் முதல். மரக்காணம் அளத்துக்காரர்களுக்கு அந்தக் குடும்பத்து வண்டிதான் இன்றும் கழுதையும் குதிரையும். கொட்டகை வாசலில் எக்ஸ்.எல்.லும் ஆர்.ஆர்.ரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது, ஒரே வீட்டுத் தாத்தாவையும் பேத்தியையும் பார்ப்பதுபோல இருந்தது. இருவருமே கனத்தை முன்னால் சுமக்கிறவர்கள்.

எஞ்சினின் உள்ளே போவோம். 312.2 சி.சி., ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங், நான்கு வால்வு. சிலிண்டரின் வாய் அகலம் 80 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 62.1 மி.மீ. தவலை மாதிரி, வாய் அகலம், ஆழம் குறைவு. அதனால்தான் வேகமாகச் சுழல முடிகிறது. 2017-இல் வந்த வண்டியில் 34 பி.எஸ். சக்தி நிமிடத்துக்கு 9700 சுற்றில் கிடைத்தது. ஞாயிறு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சுற்றில் கிராங்க் நொடிக்கு 161 முறைக்கு மேல் சுழல்கிறது. பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 20 மீட்டர் போகிறது, அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர்! அந்தக் கைப்பிடியளவு உலோகம் இந்த வேகத்தில் ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடுகிறது. முதல் வருட வண்டிகளில் அதிர்வு கையிலும் காலிலும் தெரிகிறது என்று பத்திரிகைகள் குறை சொன்னது நியாயம்தான். பேலன்சர் ஷாஃப்ட் இருந்தும் ஒற்றை சிலிண்டர் தன் குணத்தை முழுதாக விடாது.

2019-இல் ஸ்லிப்பர் கிளட்ச் சேர்த்தார்கள். இதைத் தொலைதூர வண்டி என்று நான் மனதார ஏற்றுக்கொண்டது 2020 மாடலைப் பார்த்த பிறகுதான். மிஷலின் ரோடு 5 டயர் வந்தது. டயர் உலகில் அதற்கு வகைப்பெயரே ஸ்போர்ட் டூரிங். மழைத் தண்ணீரிலும் பிடித்து நிற்பதற்காகச் செய்த ரப்பர் அது. மழை, நகரம், ஸ்போர்ட், டிராக் என நான்கு ஓட்டுமுறைகள் வந்தன. முதல் இரண்டில் சக்தி 25.8 பி.எஸ்.ஸோடு நின்றுகொள்ளும். ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவருக்கு அதுவே தாராளம். கிளட்சை விட்டதும் ஆக்சிலேட்டர் தொடாமலே நெரிசலில் ஊர்ந்துபோகும் வசதியும் அந்த ஆண்டுதான் வந்தது.

ஒரு வருத்தம் உண்டு. டேங்க் 11 லிட்டர்தான். லிட்டருக்கு 30 கொடுத்தாலும் 330 கிலோமீட்டர். கரிஸ்மாவுக்கு இதைவிடப் பெரிய டேங்க் இருந்தது. வயிறு சின்னதாக இருக்கிற வண்டியில் நெடுந்தூரம் போவது சிரமம்; இன்னும் மூன்று லிட்டருக்கு இடம் பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் கடலோரத்தில் இதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலைக் கடல்காற்றில் உப்பு ஏறிவருகிறது. நான் முன்பு வைத்திருந்த வேறொரு வண்டியின் செயின், ஒரே கோடையில் கண்ணி கண்ணியாக இறுகிப்போனது. அளத்தோரம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடையுங்கள், செயினுக்கு லூப் அடியுங்கள். ஃபோர்க் குழாயை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

சாயங்காலம் தம்பி ஃபேரிங்கைத் திரும்ப மாட்டினார். ஒவ்வொரு ஸ்க்ரூவாக ஏற, எஞ்சினின் அந்தச் சாய்வு மறைந்துகொண்டே வந்தது. கடைசித் துண்டு மாட்டும் முன் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி, அந்த ரப்பர் குழாயை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எக்ஸ்.எல்.காரர் புது பிளக் போட்டு, மூட்டையை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

விண்ட்ஸ்கிரீன் அடுத்த வாரம்தான். கூனிமேட்டருகே காற்று பக்கவாட்டில் வந்து அறையும் இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வண்டிக்காரர் புதன்கிழமை சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.