ஆறு ஃபாரத்துக்குள் ஒரு கதை

"ஆறு ஃபாரத்துக்கு மேல போகாதீங்கம்மா." மாத நாவல் எழுத வந்த புதிதில் ஆசிரியர் எனக்குக் கற்றுக்கொடுத்த இலக்கணம் மொத்தமும் இவ்வளவுதான். அச்சகக் கணக்கில் ஒரு ஃபாரம் 16 பக்கம். ஆறு ஃபாரம் 96 பக்கம். அதிலும் வாசகர் கடிதத்துக்கும் விளம்பரத்துக்கும் சில பக்கங்கள் போய்விடும். மிச்சத்துக்குள் ஒரு குடும்பம் உடைந்து, ஒட்டி, கல்யாணமும் நடந்தாக வேண்டும். கதை நீண்டால் எழுத்தைப் பொடியாக்கிவிடுவார்கள். குறைந்தால் நடுவே ஒரு ஜோக்கோ சமையல் குறிப்போ வந்து உட்காரும்.

இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த 96 பக்கம் எங்கே விற்கும் என்பது எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். வாங்குகிறவர் திண்டுக்கல்லில் ஏறித் திருச்சியில் இறங்குவார். அவர் முதல் பக்கத்தைப் புரட்டும்போதே கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். ஆகவே முதல் பக்கத்தில் மழையை வருணித்துக்கொண்டிருக்க முடியாது. மழையில் நனைந்தபடி யாராவது வந்து கதவைத் தட்ட வேண்டும். இரண்டு பெண்களுக்கு மாலதி, மாலினி என்று பெயர் வைக்கக் கூடாது. வண்டி குலுங்குகிற குலுக்கலில் இருவரும் ஒருத்தியாகிவிடுவார்கள். பாத்திரங்கள் ஏழெட்டைத் தாண்டினால், டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் யாருக்கு யார் மாமியார் என்பது மறந்துபோகும்.

கதை எழுதுவது ஒரு வேலை, வாசகரைப் பிடிப்பது அதற்குப் பிறகு தொடங்கும் வேறு வேலை என்று இப்போது எழுத வருகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். "அக்கா, நாவலை முடிச்சிட்டேன். இனிமே மார்க்கெட்டிங் மட்டும்தான் பாக்கி" என்றான் ஒரு தம்பி. யார் படிக்க எழுதினாய் என்று கேட்டேன். "எல்லாரும்தான்." எல்லாரும் என்ற பெயரில் யாரும் புத்தகக் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அவனுக்கு வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டதே இல்லையாம். 1901இல் பிறந்தவர், ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடத்துப் படிப்பு கிடையாது. வீட்டுக் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்லிச் சொல்லியே தேறினார். முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். 1925இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கித் திருவல்லிக்கேணியிலிருந்து நடத்த ஆரம்பித்தார். பிற்பாடு சொந்த அச்சகமே வைத்துக்கொண்டார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோதும் எழுதினார். மொத்தம் 115 நாவல்கள்.

எனக்கு அந்த எண்ணிக்கையைவிட, வாயால் சொல்லிப் பழகினார் என்பதுதான் பெரிது. எதிரே உட்கார்ந்த குழந்தை கொட்டாவி விட்டால் கதைசொல்லிக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். அடுத்த வாக்கியத்திலேயே ஏதாவது நடத்தியாக வேண்டும். அவர் நாவல்களில் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பதற்கு நான் கண்ட காரணம் இது. படிக்கத் தெரிந்த ஒருத்தி வாசிக்க, மற்றப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்ட காலம் அது. பேச்சு காதுக்கு எளிது. விமர்சகர்கள் அவரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பது வேறு கதை. பத்திரிகை, அச்சகம், கதை மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்த அந்த அம்மாளுக்கு, வாசகி யார் என்று இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வாரப் பத்திரிகையின் தொடர்கதைக்கு வேறு கணக்கு. கல்கி 1950இல் 'பொன்னியின் செல்வ'னைத் தம் பத்திரிகையில் தொடங்கி 1954 வரை எழுதினார். மணியம் படம் போட்டார். வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கத்தரித்து எடுத்து பைண்டு செய்த வீடுகள் ஏராளம். அந்தப் பைண்டுகளை இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

'தொடரும்' என்று போடும் இடத்தில் கத்தியை ஓங்கிய கையோடு நிறுத்துவதுதான் வித்தை என்று பலர் எண்ணுகிறார்கள். அது இரண்டு வாரம் பலிக்கும். மூன்றாவது வாரம், எப்படியும் குத்தமாட்டான் என்று வாசகர் கண்டுகொள்வார். நல்ல தொடர்கதைக்காரர் வாசகர் மனசில் ஒரு வழக்கைப் போட்டுவிட்டு நிறுத்துவார். இந்தப் பெண் அப்படிச் சொல்லியிருக்கலாமா, கூடாதா? ஆறு நாளும் அக்கம்பக்கத்தில் வாதம் நடக்கும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லாமலே விட்டார். எழுபது ஆண்டுக்குப் பிறகும் அந்த வழக்கு முடிந்தபாடில்லை.

எழுத எழுதவே வாசகர் எதிரே நிற்பதில் ஆபத்தும் உண்டு. சுஜாதா, 1857 கலகத்தைப் பின்னணியாக வைத்துக் குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிகப்பு வெளுப்பு', எதிர்ப்பு கிளம்பியதால் பாதியில் நின்றது. பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு வடிவத்தில் எழுதினார்.

நான் தொழில் கற்ற இடம் லெண்டிங் லைப்ரரி. வீதிக்கு வீதி இருந்ததே, அதேதான். அங்கே திரும்பி வந்த நாவல்களில் மடித்துவிட்ட பக்க முனைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முனை மடிந்த இடம்தான் வாசகி புத்தகத்தைக் கீழே வைத்த இடம். குக்கர் சத்தத்துக்கு எழுந்து போயிருக்கலாம். ஆனால் வெவ்வேறு வீடுகளுக்குப் போய்வந்த ஒரே நாவலில், ஒரே பக்கத்தில் மூன்று மடிப்புத் தடங்கள் இருந்தால் குற்றம் குக்கருடையது அல்ல. பெரும்பாலும் அங்கே கதாநாயகன் தன் கொள்கையை விளக்கிக்கொண்டிருப்பான். கடைக்காரர் விமர்சனமும் சுருக்கமானது: "இந்தம்மா புக்கு மறுநாளே திரும்பி வந்துடும்." இதைவிடப் பெரிய பாராட்டை அவர் யாருக்கும் சொல்லிக் கேட்டதில்லை.

நிறைய விற்பதுதான் வாசகரைக் கண்டடைவது என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கும்போதே 2,000 பிரதிக்கு மேல் அச்சிடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவருடைய வாசகர் பெட்டிக்கடைக்கு வரமாட்டார் என்பது தெரிந்து, அந்த வாசகர் இருக்கும் இடத்துக்கு அவரே போனார். அவர் எழுதிய 'வாடிவாசல்' ஒரு ஜல்லிக்கட்டுத் திடலை விட்டு நகராத சின்ன நாவல். அதுவும் ஆறு ஃபாரத்துக்குள் அடங்கும் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். முதுமையில் மூன்று பாகமாக 'சுதந்திர தாக'த்தைத் தானே வெளியிட்டார். 1998இல் காலமானார், அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது 2001இல் வந்தது. இந்தத் தாமதத்தைத் தியாகம் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை. அவர் இருக்கும்போதே காசு கொடுத்து வாங்கியிருக்கலாம்.

பெட்டிக்கடைக் கயிற்றில் இப்போது குர்குரே பாக்கெட் தொங்குகிறது. முதல் பதிப்பென்றால் 1,200 பிரதி என்றிருந்த பதிப்பகங்களும், நூலக ஆணை உறுதியில்லாததால், தேவைக்கேற்ப நூறு இருநூறு அச்சிடுகின்றன. கிண்டிலில் 2016 டிசம்பர் முதல் தமிழ்ப் புத்தகத்தை நாமே ஏற்ற முடிகிறது. பிரதிலிபி போன்ற செயலிகளில் மறுபடி தொடர்கதைக் காலம். அங்கே அத்தியாயத்துக்கு 'எபி' என்று பெயர், புது எபி போடுவதற்கு 'யூடி'. "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று கேட்பவர்களில் பாதிப்பேர் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனோடு படுக்கிறவர்கள். அதனால் நான் இரவு ஒன்பதரைக்கு முன்னால் எதையும் ஏற்றுவதில்லை. பத்தி நான்கு வரியைத் தாண்டினால் போன் திரையில் சுவர் எழுப்பினதுபோல் நிற்கிறது, உடைத்துவிடுகிறேன். அந்தத் தம்பியையும் அங்கே ஓர் அத்தியாயம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவனுடைய முதல் பத்தி மட்டுமே மூன்று திரை ஓடியது.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் தொடரில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. போன எபியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், "அத்தையைச் சாகடிச்சா இனி படிக்கவே மாட்டோம்" என்று கமெண்டில் மிரட்டல்கள் வரிசை கட்டிவிட்டன. முதல் எபிகளில் இதே அத்தையைத் திட்டியவர்கள்தான். எல்லாவற்றையும் படித்தேன், எல்லாருக்கும் பதில் போட்டேன். வியாழக்கிழமை அத்தை சாகிறார்.