கடலுக்கடியில் ஒரு தேர்வடம்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு பாட்டி, சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு செல்போனில் வத்தக்குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார். "புளியை இன்னும் கொஞ்சம் கரைடா!" என்று இங்கே சொல்லி வாய் மூடுவதற்குள் அங்கே புளி கரைகிறது. இந்தப் பேச்சு எந்த வழியாகப் போகிறது என்று தில்லைநகர் ஆபீஸ் நண்பன் ஒருவனைக் கேட்டேன்.

"இதுல என்னப்பா சந்தேகம்? சாட்டிலைட்!" என்று வானத்தைக் காட்டினான்.

கீழே காட்டியிருக்க வேண்டும். நாடு விட்டு நாடு போகும் தகவலில் நூற்றுக்கு 95-க்கு மேல் கடலுக்கடியில் கிடக்கும் கேபிள்களில்தான் போகிறது. ஆழ்கடலில் அதன் பருமன், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப் அளவு. உள்ளே தலைமுடி மாதிரி கண்ணாடி இழைகள். அவ்வளவுதான் சார்!

சென்னையைத் தொடும் கேபிள்களில் ஒன்று ஸீ-மீ-வீ 4. சிங்கப்பூரில் கிளம்பி, சென்னை, மும்பை, செங்கடல், எகிப்து வழியாக பிரான்சின் மார்செய் வரை ஏறக்குறைய 20 ஆயிரம் கிலோமீட்டர். 2005-இல் முடிந்தது. 14 நாடுகள், 16 கம்பெனிகள் கூட்டு. கிரிக்கெட் ஆடவே ஆயிரம் தடவை யோசிக்கும் இந்தியாவும் பாகிஸ்தானும் இதில் சத்தமில்லாமல் பங்காளிகள்!

நமக்கு இது புதுசா என்ன? நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்ற ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 1987-இல் 13 நிலைகளோடு 236 அடிக்கு எழுந்தது பல உபயதாரர்கள் பங்கு போட்டதால்தான். இளையராஜாவும் ஒரு நிலை கொடுத்தார்.

ஆனால் கோபுரம் கட்டினால் நிற்கும். கேபிள் அறுந்துபோகும். 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாண்டிரியா அருகே இதுவும் இன்னொரு கேபிளும் அறுந்ததில், இந்தியாவின் இன்டர்நெட் கொள்ளளவில் சுமார் பாதி படுத்துவிட்டது. 2025 செப்டம்பரில் செங்கடலில், ஜெட்டா பக்கம் மறுபடியும் அறுந்தது. நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் உட்கார்ந்து லண்டன் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பையனுக்குச் செங்கடல் பக்கத்துத் தெரு மாதிரிதான்.

உலகம் முழுக்க வருஷத்துக்கு 150 முதல் 200 தடவை இப்படி ஆகிறது. பெரும்பாலும் மீன்வலை, நங்கூரம். ரிப்பேர் கப்பல் ரெடியாக இருந்தாலும், அந்தக் கடலுக்குச் சொந்தக்கார நாடு கையெழுத்துப் போட வேண்டும். ஃபைல் நகராவிட்டால் கப்பலும் நகராது! அனுமதியைச் சுலபமாக்குவது எப்படி என்று யோசனை சொல்வதற்காகவே, 2024 நவம்பரில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் கேபிள் பாதுகாப்புக் குழுவும் சேர்ந்து ஓர் ஆலோசனை அமைப்பை ஏற்படுத்தின.

தந்திக் காலத்திலேயே, 1884-இல், நாடுகள் பாரிஸில் கூடி கடல் கேபிளுக்கு ஒப்பந்தம் போட்டன. அதில் ஒரு ஷரத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜாக்கிரதையாக இருந்தும் கேபிளில் வலை சிக்கி, கேபிளைக் காப்பாற்ற ஒரு மீனவர் தன் வலையை இழந்தால், அந்த நஷ்டத்தைக் கேபிள்காரர் கொடுக்க வேண்டும். 1982 ஐ.நா. கடல் சட்டத்திலும் இது இருக்கிறது.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்று ஸ்ரீரங்கத்தில் குழந்தைக்கும் தெரியும். வடம் அறுந்தால் யார் முடிச்சுப் போடுவது, கை சிராய்த்தவனுக்கு யார் மருந்து போடுவது என்பதையும் இழுப்பதற்கு முன்பே பேசிவைத்துவிட வேண்டும். மருந்துக்கு வழி 1884-லேயே பிறந்துவிட்டது. முடிச்சுக்குத்தான் இன்னும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.